பங்குனிப் பிள்ளை

மூன்று ஆனதும் அத்தை வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டாள், இனி நாலரை வரை இந்த வீட்டிலிருந்து யாரும் தெருவில் கால் வைக்க முடியாது, செவ்வாய்க்கிழமை ராகு காலம், வெளியே மழை வேறு, நிற்கிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்கிற ஐப்பசி மழை. டாக்டர் நாலு மணிக்கு வந்துவிடுவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், குழந்தைகளின் நரம்புக்கென்றே பார்க்கிற டாக்டர், மதுரையிலிருந்து செவ்வாய்க்குச் செவ்வாய் மட்டும் வருகிறவர், ஆறு மணிக்கு எழுந்து போய்விடுவார். நாலரைக்குக் கிளம்பினாலும் நேரம் இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனால் தெரிவது வயிற்றுக்குள் இறங்குவதில்லை. மூன்றுக்கு முன்பே கிளம்புவதாகத்தான் இருந்தோம். சட்டை போட்டு, பவுடர் போட்டு, கன்னத்தில் பொட்டு வைத்துத் தூக்கிய பிறகு பிள்ளை என் தோளில் பாலைக் கக்கிவிட்டான், அவனுக்கு மாற்றி எனக்கு மாற்றி முடிப்பதற்குள் அத்தை கடிகாரத்தைப் பார்த்து, "ஐயையோ" என்று பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். பரஸ்தானம். நல்ல நேரம் முடிவதற்குள் நம் சாமான் ஏதாவது ஒன்றை வெளியே வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. "ஏ சங்கரி, இந்தப் பையக் கொஞ்சம் வச்சிரு, நாங்க கெளம்பிட்டோம்." "எங்கக்கா கெளம்பிட்டீய, இங்கதான நிக்கிய?" "கெளம்பியாச்சுன்னு வச்சுக்கோயேன்." சங்கரியக்கா சிரித்தது இங்கே வரை கேட்டது. ஆக, பை போய்விட்டது. மாற்றுத் துணியும் வெந்நீர் பிளாஸ்க்கும் குடையும் பயணத்தில் இருக்கின்றன, நானும் என் மகனும் மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறோம்.

அவன் பாயில் மல்லாந்து கிடக்கிறான். மின்விசிறியைப் பார்க்கிறான். ஆறரை மாதமாக அந்த மின்விசிறியைப் பார்க்கிறான், அது இவனுக்கு ஏதோ சொல்கிறது, இவனும் அதற்கு ஏதோ சொல்கிறான், ஆனால் புரண்டு படுப்பதில்லை. ஒரு கையைத் தூக்குவான், ஒரு காலைத் தூக்குவான், இப்போது, இதோ இப்போது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன், இடுப்பு அரைப்பாகம் திரும்பும், பிறகு எதையோ மறந்துபோனவன் மாதிரி மறுபடி மல்லாந்துவிடுவான். தூக்கி உட்கார வைத்தால் தலை முன்னே சரியும், நான் தாடையில் விரல் கொடுப்பேன். தலை நின்றுவிட்டதா என்று யாராவது கேட்டால் நின்றுவிட்டது என்கிறேன், நிற்கிறதுதான், கொஞ்ச நேரம் நிற்கிறது. என் கண்ணுக்கு மட்டும்தான் இப்படியா என்று தெரியவில்லை. செங்கீரை. அந்தச் சொல் காலையிலிருந்து பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள், காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம், சப்பாணி வந்ததும் கடைசி பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். இரண்டு மார்க். செங்கீரை என்றால் ஐந்தாம் மாதத்தில் குழந்தை இரு கையையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி கீரைத்தண்டு போல ஆடுவது என்று எழுத வேண்டும். எழுதினேன். முழு மார்க் வாங்கினேன். ஐந்தாம் மாதம் என்பதை அடிக்கோடு கூட இட்டேன். அந்தப் பதினைந்து வயதுக்காரியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது, எந்த நாளிலிருந்து ஐந்து, சொல்லு, எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அதை எழுதினாயா நீ.

எங்கள் கான்வென்டில் காலம் என்பது ஒரு கோடு. சிஸ்டர் அவிலா வரலாறு எடுப்பாள், மணப்பாட்டுக்காரி, கடற்கரைக் குரல், சாக்பீஸால் கரும்பலகையின் கதவோர முனையிலிருந்து ஜன்னலோர முனை வரைக்கும் ஒரே இழுப்பாகக் கோடு இழுப்பாள். நடுவில் ஒரு சின்னச் சிலுவை, அதற்கு இடப்பக்கம் கி.மு., வலப்பக்கம் கி.பி. கற்காலம், இரும்புக் காலம், சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என்று கோட்டின் மேல் சின்னச் சின்னப் பெட்டிகள். பலகை முடிகிற இடத்திலும் கை நிற்காது, பலகையின் சட்டத்தைத் தாண்டிச் சுண்ணாம்புச் சுவரிலும் கொஞ்ச தூரம் இழுத்து அம்புக்குறி போடுவாள். "இது நிக்காது பிள்ளைகளா, போய்க்கிட்டே இருக்கும், நீங்கல்லாம் அங்கதான் இருக்கீங்க." சுவரில் அந்த அம்புக்குறி கோடை விடுமுறை வரை அழியாமல் இருக்கும், நாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதன் நுனியில் விரலை வைத்து, இதோ நான், இதோ என் கல்யாணம், இதோ என் மூணு பிள்ளைங்க என்று சுவரில் நகர்ந்துகொண்டே போவோம், ஜெசிந்தா ஜன்னல் வரை போய்விடுவாள், அவளுக்குப் பேரன் பேத்தி எல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான். களப்பிரர் காலத்துப் பெட்டியை மட்டும் சிஸ்டர் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்து வெள்ளையாக நிரப்பிவிட்டு, இதுதான் இருண்ட காலம் என்பாள், வெள்ளையாகத் தேய்த்துவிட்டு இருண்டது என்கிறாளே என்று நாங்கள் சிரிப்போம். நான் கையைத் தூக்கிக் கேட்டேன், "சிஸ்டர், அந்தக் காலத்துல இருந்தவங்களுக்கு அது இருண்ட காலம்னு தெரியுமா?" சிஸ்டர் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "அவங்களுக்கென்ன, பொழுது விடிஞ்சிருக்கும், சமைச்சிருப்பாங்க, பிள்ளை பெத்திருப்பாங்க. நமக்குத்தான் ஒண்ணும் தெரியல, அதுக்கு அவங்க காலத்தைப் போய் இருட்டுங்குறோம்." அன்றைக்கு அது எனக்கு ஒரு நல்ல பதிலாக மட்டும்தான் பட்டது. இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு பார்க்கிறேன், விடிகிறது, சமைக்கிறேன், பால் புகட்டுகிற பாலாடையைக் கழுவுகிறேன், ஒன்றும் தெரியவில்லை.

ஆற்றைத் தாண்டி டவுனுக்குக் கல்யாணமாகி வந்த பிறகுதான் காலம் வட்டமாகவும் இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அத்தைக்கு இரண்டாயிரத்து இருபத்தைந்து என்பது பாங்க்குக்காரர்கள் சொல்கிற எண், அவளுக்கு வருஷத்துக்குப் பெயர் உண்டு, ஆள் பெயர் மாதிரி. குரோதி போன பிறகு விசுவாவசு. அறுபது பெயர், அறுபதும் முடிந்தால் மறுபடி முதல் பெயர். "அது பிரபவ வருஷம், அப்பம் ஒங்க மாமனாரு கடை வச்சிருந்தாவ" என்பாள், நான் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். தெருவில் வேறு கணக்கு, வெள்ளம் வந்த வருஷம் என்றாலே எல்லாருக்கும் புரிந்துகொண்டிருந்ததாம், இப்போது இரண்டாவது வெள்ளமும் வந்துவிட்டதால், பழைய வெள்ளமா புது வெள்ளமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் அம்மாவுக்கு எல்லாமே மாமாங்கம், உன்னப் பாத்து மாமாங்கமாச்சே என்பாள், போன வாரம்தான் வந்து போயிருப்பாள். நான் காலேஜ் படித்தது கொரோனா காலம், அதை நினைத்தால் ஒரு போன் திரையும் அதில் உறைந்து நிற்கிற புரொபசரின் திறந்த வாயும்தான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும், எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டுவிட்டு எல்லாரும் எழுந்து நிற்போம், வேதக்காரப் பிள்ளைகள் ஜெபம் சொல்வார்கள், நாங்கள் சும்மா நிற்போம், அந்தச் சும்மா நின்ற நேரம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஜெசிந்தாதான் சாமியார் உடுப்பின் நிறங்களைச் சொல்லித் தந்தாள், தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, வெள்ளை, ஒன்றும் விசேஷமில்லாத மற்ற வாரங்களுக்கெல்லாம் பச்சை, அதற்குப் பேர் பொதுக்காலம். "அதுதான்டி ரொம்ப நாளு. போரடிக்கும்." இப்போது சாமி என்ன வேண்டும் என்று கேட்டால் அதைத்தான் கேட்பேன். பச்சை. போரடிக்கிற பச்சை. இவன் புரண்டு, தவழ்ந்து, மண்ணைத் தின்று, நான் முதுகில் ஒன்று வைக்கிற, யாருமே பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்ளாத வாரங்கள்.

இவன் பிறந்தது ஊதாவில். சொல்லப்போனால் பிறக்கவில்லை, எடுத்தார்கள். வயிற்றில் இருந்தபோதே அத்தை விரல் விட்டு எண்ணிவிட்டாள், டாக்டர் சொன்ன தேதி ஏப்ரல் கடைசி, அதாவது சித்திரை நடுவில். அவள் முகம் செத்துப்போனது. சித்திரையில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பனுக்கு ஆகாது. இதை ஊரில் பலரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு மறந்தும் விடுவார்கள், ஆனால் அத்தைக்கு அது கேட்ட சேதி இல்லை, கண்ட சேதி. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே பெயருள்ள விசுவாவசு வருஷத்தில், இதே சித்திரையில், அத்தையின் தம்பி தாணு பிறந்தார், ஆவணி பிறப்பதற்குள் அவர்கள் அப்பா போய்விட்டார். அத்தைக்கு அப்போது ஆறு வயசு. அறுபது பெயரும் சுற்றி முடித்து அதே வருஷம், அதே மாதம், அதே மாதிரி ஒரு பிள்ளை இந்த வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும் என்றால், "என் வயிறு சொல்லுது" என்றாள். அவளுக்கு இருப்பது ஒரே மகன், கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற மகன், என் கணவர், காந்திமதிநாதன், ஓசூரில் பேக்டரி வேலை, பைக்கில் போகிறவர். "நாதன் இல்லேன்னா எனக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு." அவரிடம் போனில் சொன்னேன், அவர் சிரித்தார், சிரித்துவிட்டு, "அம்மா பயப்படுதான்னா அது ஒரு மாதிரி ஆயிரும் லோசனி, டாக்டர்ட்ட கேட்டுப் பாரேன், அவங்க சரின்னா சரி" என்றார். டாக்டர் கணக்குப் பார்த்து, முப்பத்தேழு வாரம் ஆகிவிட்டது, எடுக்கலாம், ஆனால் முதல் ஸ்கேன் நாலாம் மாதத்தில்தானே எடுத்தீர்கள், நாள் முன்னே பின்னே இருக்கலாம் என்றார். ஆமாம், நாலாம் மாதம்தான், மூன்று மாதம் முடியும் முன் வெளியே மூச்சு விடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் கண் படும் என்பதும் இந்த வீட்டு வழக்கம்தான். முன்னே பின்னே என்ற சொல்லை நாங்கள் எல்லாரும் கேட்டோம். யாரும் திரும்ப ஒருமுறை கேட்கவில்லை. பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு, என் மகன் இந்த உலகத்துக்கு வந்தான். அழவில்லை. யாரோ காலடியில் ஓடினார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், சக்ஷன், சக்ஷன் என்றது, அந்தச் சொல் இன்னும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

பத்து நாள் கண்ணாடிப் பெட்டி. அதன் வழியாகத்தான் நான் அவனைப் பார்த்தேன், தீக்குச்சிக் கனம்கூட இல்லாத விரல்கள், மூக்கில் குழாய். பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் அவன் பாதத்தை விரித்துப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அத்தை என் காதில், "கால் ரேகை கூடவா பாப்பாவ?" என்றாள். பாதத்துக் கோடுகள் இன்னும் குதிகால் வரைக்கும் வரவில்லையாம், முன்பாதியில் மட்டும்தானாம், காதுமடல் மடக்கினால் திரும்பி எழவில்லையாம், இது முப்பத்தாறு வாரம் கூட நிறையாத பிள்ளை, நியாயமாகப் பார்த்தால் மே ஒன்பதை ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்றார். ஒரு மாதம் முந்தி. என் வயிற்றிலிருந்து ஒரு மாதத்தை எடுத்துவிட்டார்கள், அந்த மாதம் இப்போது எங்கே இருக்கிறது, அவன் அதை எங்கே போய் வாழ்வான் என்று அங்கேயே நின்று யோசித்தேன், தையல் வலித்தது, பால் கட்டியிருந்தது. இடையில் வருஷம் பிறந்தது. சித்திரை விசுவுக்குக் கனி காண அத்தை வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஒரு தட்டில் ஒற்றை மாம்பழத்தையும் கண்ணாடியையும் வைத்து, எனக்குக் கண்ணைப் பொத்தி அழைத்து வந்து காட்டினாள். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவளுடைய முகம், இரண்டு முகத்திலும் தூக்கமில்லை. "நல்ல வருஷம், ஒண்ணும் வராது" என்றாள். அவளை நான் வெறுத்திருக்க வேண்டும். வெறுத்தேன் கூட, ஒரு நாள் இரண்டு நாள். ஆனால் மகனுக்காகப் பயந்த பயம் அவளுடையது, அந்தப் பயத்தை நான் இப்போது என் வயிற்றிலேயே வைத்திருக்கிறேன், அதன் கனம் எனக்குத் தெரிகிறது, எப்படி வெறுப்பது. ஈஸ்டருக்கு மறுநாள் பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தார்கள்.

தாணு மாமா வந்தது வைகாசியில், பிள்ளையைப் பார்க்க. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் யாருடன் பேசினாலும் படிக்கட்டில் நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுவார். அந்தச் சித்திரையில் அவருக்கு அறுபதாம் கல்யாணம், நாங்கள் யாரும் போக முடியவில்லை, ஆஸ்பத்திரியும் தீட்டும். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, அவர் வீட்டு விசேஷங்களுக்கு அக்காமார் வராமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. அப்பா போன கையோடு அவரைச் செங்கோட்டையில் ஒரு சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள், பள்ளிக்கூடம் முடியும் வரை அங்கேதான் வளர்ந்தார், பிறந்தநாள் என்று ஒன்று அவருக்குக் கிடையாது, அந்தத் தேதியை யாரும் வாயால் சொன்னதில்லை. பிள்ளையைக் குனிந்து பார்த்து, "என்னடே, என் கூட்டாளி ஒருத்தன் வாரான்னு காத்துக்கிட்டிருந்தேன், நீ முந்தின ஸ்டாப்பிலயே எறங்கிட்டியே" என்றார். அத்தை, "சும்மா கெடயம்லே" என்றாள். "சும்மாதான கெடக்கேன் இத்தன வருசமா. எக்கா, எனக்கு அறுவது முடிஞ்சு இப்பம் மறுபடி ஒண்ணாம் வருசம், பாத்துக்கோ. நானும் இவனும் ஒரே கிளாஸ்." பெரிதாகச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள், ஆனால் காப்பி எடுத்துவர உள்ளே போனவள் அடுப்படியில் வெகுநேரம் நின்றுவிட்டாள், நான் போய்ப் பார்த்தபோது பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒரு தடவயாவது அவனுக்குத் தலைக்கு எண்ணெ வச்சிருக்கலாம்லா" என்றாள், யாரிடமோ. இதெல்லாம் எதற்கு இப்போது நினைவு வருகிறது. மணி என்ன. மூன்றரை கூட ஆகவில்லை.

போன வாரம் இங்கே டவுனிலேயே குழந்தை டாக்டரிடம் போனோம், அந்தம்மா நல்லவள், பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கி உட்கார வைத்தாள், தலை பின்னால் தொங்கியது. எத்தனை மாதம் என்றாள். ஆறு முடிந்துவிட்டது என்றேன். நாள் நிறைந்து பிறந்ததா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "நெறஞ்ச பிள்ளதாம்மா, பங்குனிப் பிள்ள" என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளையெல்லாம் அவள் எடுத்து வரவில்லை, பழசு எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டாள். அத்தை பொய் சொல்கிறவள் இல்லை, அவளுக்கு அந்த மே ஒன்பது நடக்காத நாள், நடக்காமல் தடுத்த நாள், அதைப் போய் எதற்கு வாயால் சொல்லி எழுப்புவது. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஏழு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு முன்னால் எதிர்த்துச் சொல்லக் கூடாது என்றா, இல்லை, என் பிள்ளை நிறைந்த பிள்ளை என்று யாராவது ஒருத்தர் சொல்லக் கேட்க எனக்கும் ஆசையாக இருந்ததா. டாக்டரம்மாவின் முகம் மாறியது, இழுத்து மூடின மாதிரி. "செவ்வாய்க்கிழமை நரம்பு டாக்டரைப் பாத்துருங்க. பயப்பட ஒண்ணுமில்ல, பாத்துருங்க." பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை நான் பார்த்துவிட்டேன், அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆட்டோவில் வரும்போது எனக்குப் புத்தியில் பட்டது, இவனைத் தப்பான கோட்டில் வைத்து அளந்துவிட்டார்கள், இவனுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டு வா வா என்கிறார்கள். அல்லது அதுவும் நான் சொல்லிக்கொள்கிற சமாதானம். ஒரு மாதத்தைத் தள்ளிக் கொடுத்தாலும் இவன் புரளாமலே இருந்தால். மூச்சில்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சக்ஷன் சக்ஷன் என்றபோது, தலைக்குள் ஏதாவது ஒன்று. வேண்டாம். நினைக்கக் கூடாது. மின்விசிறி. மழை. எதிர்வீட்டில் எங்கள் பை.

போன் அடித்தது, அவர். "கெளம்பியாச்சா?" "பை கெளம்பிருச்சு" என்றேன். "என்னது?" "ராகு காலம்." "சரி சரி. ஏ, பயப்படாத என்ன. என்ன சொன்னாலும் உடனே கூப்பிடு, நான் லைன விட்டு வெளிய வந்து எடுக்கேன்." பின்னால் இயந்திரச் சத்தம். மழையா அங்கே என்று கேட்டேன், தூறல் என்றார், ரெயின்கோட் போட்டுப் போங்க, மெதுவாப் போங்க என்றேன், வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அத்தை வந்து பாயின் மறுபக்கம் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காரி, தரையில் உட்காருவதென்றால் சுவரைப் பிடித்து மூன்று தவணையாக உட்கார வேண்டும். பிள்ளையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவினாள், அவன் விரல்களை மடக்கினான்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"எதை அத்தை?"

"எத்தன மாசம்னு கேப்பாருல்லா."

"ஆறரைம்பேன்."

"நெறஞ்ச பிள்ளயான்னு கேப்பாரு." நான் அவன் சட்டையை இழுத்துவிட்டேன். "அன்னைக்கு நான் நெறஞ்ச பிள்ளன்னேன், அந்தம்மா மொகம் மாறிட்டு. நானும் பாத்தேன். அதுலேந்து எனக்குச் சோறு எறங்கல, கேட்டியா. நெறயாத பிள்ளன்னு சொல்லிருந்தா என்ன செய்வாவ?"

"பிறந்த நாளை விட்டுட்டு, பிறந்திருக்க வேண்டிய நாள்லேந்து எண்ணுவாங்க. அப்படிப் பாத்தா இவனுக்கு அஞ்சரை மாசம்தான். அஞ்சரைல சில பிள்ளைங்க இன்னும் கவுந்திருக்காதாம். ஆனா உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை, டாக்டர் பாத்துத்தான்."

"பொறந்திருக்க வேண்டிய நாளுன்னா."

அந்த மாதத்தின் பெயரை இந்த வீட்டில் இவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. மழை சட்டென்று கூடியது, தெருவில் ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அத்தை பிள்ளையின் காலை விடாமல், என்னைப் பார்க்காமல், "சித்திரைன்னே சொல்லிரு" என்றாள்.

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், இந்த வார்த்தைக்காகத்தானே ஏழு நாளாகக் காத்திருந்தேன். அப்படி இல்லை. கையில் போன் இருந்தது, ஓசூரில் தூறல், வளைவில் லாரிகள், ஈர ரோட்டில் பைக். சிஸ்டர் அவிலாவின் கோட்டில் வளர்ந்தவள் நான், வட்டமெல்லாம் எனக்கு இல்லை என்று நினைத்திருந்தவள். வேண்டாம் அத்தை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. இவனைச் சித்திரைக்குத் தள்ளி வைத்தால் இவன் சரியாகிவிடுவான், அவர் என்ன ஆவார் என்று ஒரு கணம், ஒரு முழுக் கணம், நான் இரண்டு பேரையும் எடைக்கு எடை வைத்துப் பார்த்தேன், அந்தக் கணத்தில் அத்தை அத்தனை மாதமும் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தது.

"உங்க மகனுக்கு..." என்றேன்.

"தெரியும்லா. எனக்குத் தெரியாமலா. நாந்தான சொன்னேன், பங்குனிக்குள்ள எடுங்கன்னு." பிள்ளையின் மறு காலை எடுத்துக்கொண்டாள். "எங்கப்பா வெஷக் காய்ச்சல்லதாம்ட்டி போனாவ. அந்த வருசம் எங்க தெருவுல மட்டும் ஏழு பொணம். ஏழு வீட்டுலயுமா சித்திரைல பிள்ள பொறந்துச்சு? ஒரு வீட்டுலதான் பொறந்துச்சு, அவனப் பிடிச்சுக்கிட்டோம். அறுவது வருசம் அவனச் சொல்லியாச்சு. இப்பம் இவன வேற சொல்லப்படாதுன்னு எடுத்து, இவனுக்கு இந்தப் பாடு."

"பயமா இல்லையா அத்தை?"

"பயமாத்தான் இருக்கு. இல்லன்னு யாரு சொன்னா? வாரதெல்லாம் எனக்கு வரட்டும்னு சொல்லியாச்சு."

"யார்ட்ட?"

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியாச்சு, நீ சும்மா இரி." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, காய்கறிக்காரனிடம் விலை விசாரிக்கிற குரலில், "எத்தனாம் தேதி?" என்றாள்.

"மே ஒம்பது."

"எனக்கு எதுக்கு இங்கிலீசுத் தேதி, தமிழ்ல சொல்லு."

விரல் கணுவில் எண்ணினேன், ஒருமுறை விட்டுப்போய் மறுபடி எண்ணினேன். "சித்திரை இருபத்தாறு."

"என்ன கெழம?"

போனில் தேடினேன், முதலில் வேறு மாதம் வந்தது. "வெள்ளி."

"வெள்ளியா." அத்தை குனிந்து பிள்ளையின் வாயோரத்து எச்சிலைச் சேலை நுனியால் துடைத்தாள். அவன் மின்விசிறியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "நல்ல கெழமதான்" என்றாள் அவனிடம்.